கூடம் கோணல்தான்: கோல்ஃப் ஹேண்டிகேப் சொல்லும் தகுதிக் கணக்கு

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று நம் ஊரில் ஒரு பழமொழி இருக்கிறது. ஆட வரவில்லை என்றால் தரையைக் குறை சொல்லாதே என்பது அதன் பொருள். இட ஒதுக்கீட்டைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் இதே பழமொழி வேறு வேறு வார்த்தைகளில் நம் முன்னால் வந்து நிற்கும். ‘எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தானே?’, ‘மார்க் சாதி பார்க்குமா?’, ‘தகுதி இருந்தால் வரட்டுமே!’ கூடம் நேராகத்தான் இருக்கிறது, உன் கால்தான் சரியில்லை என்கிறார்கள்.

கூடம் கோணலாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, அந்தக் கோணல் எவ்வளவு என்று அளந்து, அதை ஒரு எண்ணாக எழுதியும் வைத்திருக்கிற விளையாட்டு ஒன்று உண்டு. கோல்ஃப். நமக்குத் தகுதி, திறமை என்று பாடம் எடுக்கிறவர்களில் பலருக்குப் பிடித்த விளையாட்டு. அதில் ஹேண்டிகேப் என்று ஒரு எண் இருக்கிறது. அந்த எண் ஓர் ஆட்டக்காரரின் திறமையைப் பற்றி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் கோல்ஃப் ஆடியதில்லை. அந்த மட்டையைக் கையில் பிடித்ததுகூட இல்லை. என்னுடைய முனைவர் பட்ட ஆய்வு தேர்வு மதிப்பெண்களைப் பற்றியது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, ரிசர்வேஷன் தப்பே இல்லை. கோல்ஃப்ல ஹேண்டிகேப் குடுக்கிற மாதிரிதான் அது. வலு இல்லாதவனுக்கு நாலு அடி கழிச்சுக் குடுக்கிறோம். அவனும் ஆடிட்டுப் போகட்டும்.” அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ‘ஆடிட்டுப் போகட்டும்’ எனக்கு உறுத்தியது. அதனால் ஹேண்டிகேப் விதிகளை எடுத்துப் படித்தேன். படித்த பிறகு இரண்டு விஷயங்கள் தெளிவாயின. அவர் சொன்ன ஒப்பீடு தவறு. ஆனால் அதே விதிகளுக்குள் அவர் கவனிக்காத வேறொன்று இருக்கிறது. அது நமக்கு ரொம்பவும் வேண்டியது.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 18 குழிகள். ஒரு சிறிய பந்தை மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியிலும் போட வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர். ஒரு குழிக்கு இத்தனை அடி என்று ஒரு வரையறை உண்டு, அதற்குப் ‘பார்’ என்று பெயர். 18 குழிகளுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72ஐ ஒட்டி இருக்கும். ஒருவருக்கு அந்த மைதானத்தில் 18 அடி ஹேண்டிகேப் என்றால், அவர் 90 அடித்தாலும் 18ஐக் கழித்து 72 என்று கணக்கு வைப்பார்கள். 4 அடி ஹேண்டிகேப் உள்ளவர் 77 அடித்தால் கழித்து 73. வென்றவர் முதல் ஆள். அதற்காக அங்கே யாரும் ‘தகுதி போச்சே’ என்று கத்துவதில்லை. கைகொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள்.

சரி, இந்த 18 எங்கிருந்து வருகிறது? அவர் வழக்கமாகப் பாரைவிட 18 அடி அதிகமாக அடிப்பார், அதுதான் சராசரி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை நடைமுறையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் சேர்ந்து கொண்டுவந்தது. அதன்படி ஒருவருடைய கடைசி 20 ஆட்டங்களை எடுத்துக்கொள்வார்கள். அதில் மிகச் சிறந்த 8 ஆட்டங்களுக்கு மட்டும் சராசரி போடுவார்கள். மீதி 12 ஆட்டங்கள் கணக்கில் சேராது.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். ஹேண்டிகேப் என்பது ஒருவர் வழக்கமாக என்ன செய்கிறார் என்பதன் அளவு அல்ல. அவரால் என்ன முடியும் என்பதன் அளவு. 18 ஹேண்டிகேப் உள்ள ஒருவர் தன் எண்ணுக்கு ஏற்றபடி ஆடுவது நான்கு அல்லது ஐந்து ஆட்டங்களில் ஒரு தடவைதான். மற்ற நாட்களில் அதைவிடச் சில அடிகள் கூடத்தான் அடிப்பார். இது அந்த எண்ணின் குறை இல்லை. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விதி. ஒரு குழியில் பந்து தண்ணீரில் விழுகிறது, மணலில் சிக்குகிறது, கடைசியில் 11 அடி ஆகிவிடுகிறது என்று வையுங்கள். ஹேண்டிகேப் கணக்கில் அந்த 11 ஏறாது. அந்தக் குழியின் பார், அதோடு இரண்டு, அதோடு அவருக்கு அங்கே கிடைக்கிற கழிவு. அதற்கு மேல் எழுத மாட்டார்கள். ஒரு குழியில் நடந்த விபத்து ஒருவருடைய திறமைக்குச் சாட்சி ஆகாது என்று விதியே சொல்கிறது.

நமக்கு எப்படி? ஒரே ஒரு பிற்பகல். அன்றைக்குக் காய்ச்சல், அன்றைக்கு மாதவிடாய் வலி, முந்தைய இரவு ரயிலில் உட்கார்ந்தே வந்த பயணம் எதுவாக இருந்தாலும் அந்த ஒரு பிற்பகலின் எண் உங்கள் நெற்றியில் ஒட்டப்படும். அந்த ஒரு குழியை வைத்து வாழ்நாள் தகுதியை எழுதிவிடுவார்கள்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 20 ஆட்டங்களில் சிறந்த 8 என்பது கேட்க நன்றாக இருக்கிறது. 20 ஆட்டம் ஆட யாரிடம் காசும் நேரமும் இருக்கிறது? நம் தேர்வுகளிலும் பல முறை ஆட முடிகிறவர்கள் இருக்கிறார்கள். நீட் தேர்வின் விளைவுகளை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு அறிக்கை 2021இல் வந்தது. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில், திரும்பத் திரும்பத் தேர்வு எழுதி வந்தவர்களின் பங்கு 2016-17இல் ஏறத்தாழ 12 சதவீதம். 2020-21இல் ஏறத்தாழ 71 சதவீதம். அதாவது ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து, கோச்சிங் கட்டணம் கட்டி, இன்னொரு ஆட்டம் ஆட முடிந்தவர்களின் கையில் இடங்கள் போய்ச் சேர்ந்தன. முதல் ஆட்டத்தோடு களத்தைவிட்டுப் போய்விட்ட பெண்ணின் சிறந்த ஆட்டம் எது என்று யாருக்கும் தெரியாது.

இனிக் கூடத்தின் கோணலுக்கு வருகிறேன். கோல்ஃப் மைதானங்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று தட்டையாக, அகலமாக இருக்கும். இன்னொன்றில் ஏரி, மரம், மணல் குழி என்று தடைக்கு மேல் தடை. ஆகவே பயிற்சி பெற்ற குழுக்கள் ஒவ்வொரு மைதானத்துக்கும் போய் அளக்கிறார்கள். இரண்டு எண்கள் கிடைக்கும். முதல் எண் கோர்ஸ் ரேட்டிங். கழிவே தேவைப்படாத தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எத்தனை அடி எடுப்பார் என்பது அது. இரண்டாவது எண் ஸ்லோப் ரேட்டிங். இதுதான் முக்கியமானது.

ஸ்லோப் என்றால் சரிவு. தரையின் சரிவைச் சொல்லவில்லை. மைதானம் கடினமாகும்போது தேர்ந்த ஆட்டக்காரருக்கு எவ்வளவு கூடுகிறது, சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஓர் உதாரணம். ஆண்களுக்கான கணக்கில் தேர்ந்தவர் முதல் அடியில் 250 கெஜம் அடிப்பார், சாதாரண ஆட்டக்காரர் 200 கெஜம் அடிப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். இப்போது 220 கெஜம் தாண்டினால்தான் கடக்க முடிகிற ஒரு குட்டை இருக்கிறது. தேர்ந்தவருக்கு அந்தக் குட்டை வெறும் காட்சி. மற்றவருக்கு அது நிஜமான குட்டை. ஒரே தடைதான், ஆனால் அது இருவரிடமும் ஒரே விலை வாங்குவதில்லை. 1970களில் அமெரிக்கக் கடற்படையில் இருந்த டீன் நூத் என்பவர் இதற்கான கணக்கைப் போட ஆரம்பித்தார். 1980களில் அமெரிக்கச் சங்கம் அதை நடைமுறைப்படுத்தியது. ஸ்லோப் எண் 55 முதல் 155 வரை போகும், 113 நடு அளவு.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். இருவர் இரண்டு மைதானங்களில் ஆடுகிறார்கள். இருவரும் 90 அடிக்கிறார்கள். முதல் மைதானத்தின் ரேட்டிங் 68.5, ஸ்லோப் 113. இரண்டாவதன் ரேட்டிங் 74, ஸ்லோப் 140. அடித்த அடிகளிலிருந்து ரேட்டிங்கைக் கழித்து, 113ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்க வேண்டும். முதல் ஆளுக்கு 21.5 வரும். இரண்டாவது ஆளுக்கு 12.9 வரும். அடித்தது அதே 90. ஆனால் ஏறத்தாழ ஒன்பது அடி வித்தியாசம். இரண்டாவது ஆளுக்கு யாரும் சலுகை காட்டவில்லை. அவர் எங்கே நின்று அடித்தார் என்பதையும் சேர்த்து எண்ணினார்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் நம் நாட்டுக்குத் தெரியாத வித்தை இல்லை. ஜேஇஇ மெயின் தேர்வு பல ஷிப்ட்டுகளில் நடக்கிறது. காலை ஷிப்ட் கேள்வித்தாள் கொஞ்சம் கடினம், மாலை ஷிப்ட் கொஞ்சம் எளிது என்று இருக்கலாம் என்பதால், ஷிப்ட் வாரியாகச் சமன் செய்துதான் பெர்சன்டைல் வெளியிடுகிறார்கள். அதற்காக யாரும் ‘தகுதி அழிந்தது’ என்று அழவில்லை. காலைக்கும் மாலைக்கும் நடுவில் உள்ள கோணலை அளக்கத் தெரிந்த அதே அரசுக்கு, அறிவியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கும் நகரத்து உறைவிடப் பள்ளிக்கும் நடுவில் உள்ள கோணல் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சேரிக்கும் அக்கிரகாரத்துக்கும் நடுவில் உள்ளதைச் சொன்னால் கோபம் வருகிறது. 2022 ஜனவரியில், மருத்துவ மேற்படிப்பில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டைப் பற்றிய வழக்கில், தேர்வு எண் மட்டுமே தகுதி ஆகிவிடாது, அதன் பின்னால் சமூக, பொருளாதார, பண்பாட்டு வசதிகள் இருக்கின்றன என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாம் நூறு வருடமாகச் சொல்லிவருவதுதான்.

ஹேண்டிகேப் சொல்லாதவையும் நிறைய. ஒரே எண் கொண்ட இருவரில் ஒருவர் நிதானமானவர், இன்னொருவர் ஒரு நாள் பிரமாதம், ஒரு நாள் படுமோசம். சிறந்த 8 மட்டும் எண்ணப்படுவதால் அந்த எண் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடும். தூரம் அடிப்பதில் கெட்டிக்காரரா, குழிக்குப் பக்கத்தில் கெட்டிக்காரரா என்று சொல்லாது. அவர் நேர்மையானவரா என்றும் சொல்லாது. பந்தயத்தில் ஜெயிப்பதற்காக வேண்டுமென்றே மோசமாக ஆடி எண்ணை ஏற்றிவைப்பவர்கள் உண்டு. மோசமான ஆட்டங்களைப் பதியாமல் விட்டு, எண்ணைக் குறைத்துக் காட்டிப் பெருமை அடிப்பவர்களும் உண்டு. இரண்டையும் தடுக்க விதியில் வரம்புகள் வைத்திருக்கிறார்கள். எல்லா அளவுகோலுக்கும் இந்த வியாதி வரும். எண் இருக்கிறது என்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது.

ஹேண்டிகேப் என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாற்றுத்திறனாளிகளைக் குறிக்க அந்தச் சொல்லைப் பயன்படுத்தி, பின்பு சரியாகவே கைவிட்டோம். தொப்பியை நீட்டிப் பிச்சை கேட்டதிலிருந்து வந்த சொல் என்று ஒரு கதை உலவுகிறது. அது பொய். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பண்டமாற்று விளையாட்டு ஒன்று இருந்தது. இருவர் பொருளை மாற்றிக்கொள்வார்கள். எதன் மதிப்பு எவ்வளவு கூட, ஈடுகட்ட எவ்வளவு தர வேண்டும் என்று நடுவர் ஒருவர் சொல்வார். பணத்தைத் தொப்பிக்குள் போட்டுக் கையை விடுவதால் ‘கை தொப்பிக்குள்’ என்று பெயர். அங்கிருந்து குதிரைப் பந்தயத்துக்குப் போனது. அங்கே ஹேண்டிகேப் என்பது வேகமான குதிரையின் முதுகில் ஏற்றுகிற கூடுதல் எடை. கவனியுங்கள், சுமை ஏறியது வலுத்த குதிரை மேல். காலப்போக்கில் அந்தச் சொல் இடம் மாறி, ‘குறை உள்ளவர்’ என்று மனிதர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. சுமை ஏற்றப்பட வேண்டியவர் யார் என்ற கேள்வி காணாமல் போய், குறை யாருக்கு என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. சாதி வேலை செய்கிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இப்போது அந்தப் பேராசிரியர் சொன்னதற்கு வருகிறேன். இட ஒதுக்கீடு ஹேண்டிகேப் கழிவு அல்ல. அது யாருடைய விடைத்தாளிலும் பத்து மார்க் கூட்டிப் போடுவதில்லை. எம்பிபிஎஸ் சேர்ந்தபின் எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே இறுதித் தேர்வு, தேர்ச்சிக்கு ஒரே மதிப்பெண். அங்கே யாருக்கும் அடி கழிப்பதில்லை. 1919இல் சவுத்பரோ குழுவின் முன் அம்பேத்கர் சாட்சியம் சொல்லிக் கேட்டது பிரதிநிதித்துவம். 1921இல் நீதிக்கட்சி ஆட்சி போட்ட வகுப்புவாரி ஆணை பேசியது பங்கு. இரண்டிலும் ‘வலு இல்லாதவன் ஆடிட்டுப் போகட்டும்’ என்ற தொனியே கிடையாது. ‘இந்த மைதானம் பொதுச்சொத்து, அதில் எங்கள் பங்கு எங்கே?’ என்ற கேள்விதான் இருந்தது.

ஆகவே ஒப்பிட வேண்டும் என்றால் இப்படி ஒப்பிடுங்கள். மதிப்பெண்ணைப் படிக்கும்போது கோர்ஸ் ரேட்டிங்கையும் ஸ்லோப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். இட ஒதுக்கீட்டைப் பேசும்போது கழிவை விட்டுவிட்டு, கிளப்பின் வாசலைப் பாருங்கள்.

ஏனென்றால் ஹேண்டிகேப்பின் மிகப் பெரிய ரகசியம் வாசலில்தான் இருக்கிறது. முறையான ஹேண்டிகேப் எண் வேண்டுமென்றால் பொதுவாகத் தேசிய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கிளப் ஒன்றில் நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும். இந்தியாவில் அந்தத் தேசிய அமைப்பு இந்தியன் கோல்ஃப் யூனியன். உறுப்பினர் இல்லை என்றால், நீங்கள் எவ்வளவு பிரமாதமாக அடித்தாலும் பெரும்பாலும் உங்களுக்கு எண் கிடைக்காது. அந்தக் கணக்கில் உங்கள் திறமை பூஜ்ஜியம்கூட இல்லை. வெற்றிடம்.

இது கற்பனை அல்ல. அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கமான பிஜிஏ, வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்று தன் விதியிலேயே எழுதி வைத்திருந்தது. 1961இல்தான் நீக்கியது. பில் ஸ்பில்லர் என்ற கறுப்பின ஆட்டக்காரர் 1948இல் லாஸ் ஏஞ்சலஸ் ஓபனில் முதல் 60 பேருக்குள் முடித்தார். அந்த விதிப்படி அடுத்து நடந்த ரிச்மண்ட் ஓபனில் அவருக்கு இடம் உண்டு. உறுப்பினர் இல்லை என்று வெளியே அனுப்பினார்கள். உறுப்பினர் ஆகவும் விட மாட்டார்கள். தகுதியைக் களத்தில் நிரூபித்த பிறகும் நடந்தது இது. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா நேஷனல் கிளப்பில் மூட்டை சுமந்த கேடிகள் பல பத்தாண்டுகள் கறுப்பினத்தவர்கள். முதல் கறுப்பின உறுப்பினர் வந்தது 1990இல்.

இந்தியாவுக்கு வாருங்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழைய கோல்ஃப் கிளப் கொல்கத்தாவில் இருக்கிறது, 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா. அங்கே புல்தரையைப் பராமரித்த தொழிலாளியின் மகன் எஸ்.எஸ்.பி.சௌராசியா. யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, பார்த்துப் பழகினார். 2008இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார், அது ஐரோப்பிய டூர் போட்டி. 2016, 2017 என இரண்டு முறை இந்தியன் ஓபனும் வென்றார். அவருக்கு முன்பு அலி ஷேர். டெல்லியில் கேடியாக இருந்தவர். 1991இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். மத்தியப் பிரதேசத்தின் மோவில் கேடியாகத் தொடங்கிய முகேஷ் குமார், 2016இல் தன் 51ஆம் வயதில் ஆசிய டூர் பட்டம் வென்றார். தொழில்முறை ஆட்டத்தில் கழிவு கிடையாது. அடித்ததுதான் கணக்கு. கழிவே இல்லாத இடத்தில் வந்து ஜெயித்தவர்கள் மூட்டை தூக்கியவர்கள்.

இன்னும் ஒன்று. உறுப்பினர் ஆடும்போது பக்கத்தில் நடக்கிற கேடிதான் சொல்கிறார்: இங்கிருந்து இத்தனை கெஜம், காற்று இடமிருந்து வருகிறது, இந்த மட்டையை எடுங்கள், பந்து வலப்பக்கம் உருளும். உறுப்பினர் அதைக் கேட்டு அடிக்கிறார். அட்டையில் ஏறும் எண் உறுப்பினருடையது. அந்த எண்ணுக்குள் கேடியின் அறிவு எத்தனை அடி என்று எழுத அட்டையில் கட்டமே இல்லை. ஒருவரின் ஹேண்டிகேப் அவருடைய திறமையைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டால், அதில் ஒரு பகுதி அவருடையதே இல்லை என்பதும் பதிலின் பகுதி. முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையின் வீட்டில் சமைத்தவர், துவைத்தவர், கூட்டியவர் யார், அவர்களுடைய பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று நாம் கேட்பதும் இதற்காகத்தான்.

தோழர்களே, கோல்ஃபைப் புகழ நான் வரவில்லை. வேலிக்குள்ளே தங்களுக்குள் இவ்வளவு நுட்பமாக நியாயம் பார்க்கத் தெரிந்தவர்கள், வேலிக்கு வெளியே அதே நியாயத்தை ‘சலுகை’ என்கிறார்கள். வித்தை தெரியாததால் இப்படி நடக்கவில்லை. யாருக்காக அந்த வித்தையைச் செலவழிப்பது என்று முடிவு எடுத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் மதிப்பெண்ணை நீட்டித் தகுதி என்று சொன்னால், கோபப்பட வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். இந்த எண் எந்த மைதானத்தில் எடுத்தது? இதை எடுக்க எத்தனை ஆட்டம் ஆட முடிந்தது? இதே ஆட்டத்தை ஆட அட்டையே கிடைக்காதவர்கள் யார்? முதல் இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பதில் சொல்லிவிடலாம், கோல்ஃப் அதைச் செய்து காட்டியிருக்கிறது. மூன்றாவதற்குக் கணக்கு போதாது. அதற்கு வாசலைத் திறக்க வேண்டும். இட ஒதுக்கீடு அந்த வேலையைத்தான் செய்கிறது. தனியார் துறையிலும், உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனத்திலும், நாங்கள் ஆய்வு செய்கிற உயர்கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களிலும் அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.